முழுக் கணக்கையும் காட்டுங்கள்

முதலீட்டு நியூஸ்லெட்டர் எழுதிச் சந்தாவுக்கு விற்கிற எல்லாருக்கும்,

வணக்கம். போன வாரம் ஒரே நாளில் உங்கள் தரப்பிலிருந்து எனக்கு நாலு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்றின் தலைப்பில் 14 மாதத்தில் 2,300 சதவீத லாபம். இன்னொன்றில், கடைசியாகக் கொடுத்த 19 பரிந்துரைகளும் லாபம், ஒன்றுகூடத் தவறவில்லை. மற்ற இரண்டும் இன்று நள்ளிரவுக்குள் சேர்ந்தால் சந்தா பாதி விலை என்றன. இந்த எண்களெல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். உண்மையான எண்ணை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவரைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்திவிட முடியும், உங்கள் விளம்பரங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. அதைப் பற்றி உங்களிடமே நேராகப் பேசிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நான் உங்களுக்கு எதிரி இல்லை. பல வருடமாகக் காசு கொடுத்துப் படிக்கிறவன். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எந்தக் குறிப்பை முதலில் தேடிப் படிக்க வேண்டும், லாபம் காட்டுகிற கம்பெனியிடம் ஏன் ரொக்கம் இல்லாமல் போகிறது என்பதையெல்லாம் உங்களில் சிலர் பொறுமையாக எழுதியதால்தான் கற்றுக்கொண்டேன். அப்படி எழுதத் தெரிந்தவர்களே விளம்பரம் என்று வந்ததும் வேறு ஆளாக மாறிவிடுவதைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது.

ஒரு நியூஸ்லெட்டருக்கு ஒன்றரை வருடம் சந்தா கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் தனி ஃபோல்டரில் போட்டு, ஒரு நோட்டில் வரிவரியாகக் குறித்து வைத்தேன்: மெயில் வந்த நேரம், அப்போது சந்தையில் இருந்த விலை, நான் வாங்கிய விலை, விற்கச் சொன்ன நேரம், விற்ற விலை. மொத்தம் 57 பரிந்துரைகள். அதில் ஒன்றை மட்டும் இங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

அது ஒரு சின்னக் கம்பெனி, நாளொன்றுக்குக் கைமாறுகிற பங்குகளே குறைவு. காலையில் மெயில் வந்தது. நான் திறந்து பார்க்க இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் விலை 47-ஐத் தாண்டியிருந்தது, ஏனென்றால் என்னைப் போலவே அத்தனை சந்தாதாரரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடியிருந்தார்கள். நான் 48-க்கு வாங்கினேன். சில வாரம் கழித்து "மூன்றில் ஒரு பங்கை விற்று லாபத்தை எடுங்கள்" என்று மெயில். அப்போதும் எல்லாரும் சேர்ந்து விற்றதில் எனக்குக் கிடைத்தது 63. மீதி இரண்டு பங்கை வைத்திருக்கச் சொன்னார்கள். வைத்திருந்தேன். விலை இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் நானாக 31-க்கு விற்றேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் போட்ட பணத்தில் 13 சதவீதம் போய்விட்டது.

அடுத்த மாத விளம்பரத்தில் அதே பங்கு 60 சதவீத லாபம் என்று ஏறியிருந்தது. எப்படி? அவர்கள் கணக்கில் வாங்கிய விலை 41.20. அது மெயில் வருவதற்கு முந்தைய நாள் முடிவு விலை. அந்த விலைக்குச் சந்தாதாரர் ஒருவராவது வாங்கியிருப்பாரா என்பதே சந்தேகம். விற்ற விலையும் அன்றைய உச்ச விலை. விற்ற மூன்றில் ஒரு பங்கு, தனி வெற்றியாக ஒரு வரி. மீதி இரண்டு பங்கு "இன்னும் கையில் இருக்கிறது" என்பதால் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இந்த ஒரு வரியில் எழுத்துப்படி எதுவும் பொய் இல்லை, ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டுச் சந்தா கட்டுகிற புது ஆளுக்கு, தான் சேர்ந்திருந்தால் 60 சதவீதம் கிடைத்திருக்கும் என்று தோன்றும். கிடைத்திருக்காது. என் நோட்டு அதற்குச் சாட்சி.

மொத்தமாக அந்த 57 பரிந்துரையிலும் சம அளவு பணம் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் பலன், சந்தையின் முக்கியப் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் ஒரு குறியீட்டு ஃபண்டைச் சும்மா வாங்கிவிட்டுத் தூங்கியிருந்தால் கிடைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய அழிவு ஒன்றும் இல்லை. ஆனால் விளம்பரப் பட்டியலில் 22 வரிகள் இருந்தன, 22-ம் லாபம்.

"19-க்கு 19" என்பதும் இந்த வகைதான். தோற்ற பங்கை விற்காமலே வைத்திருந்தால் தோல்வி ஒருநாளும் கணக்கில் ஏறாது. ஒவ்வொன்றும் 3 சதவீதம் ஏறியதும் விற்றுவிட்டு 19 வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம், இருபதாவது பங்கு 70 சதவீதம் விழுந்து கிடக்கும். சம அளவு பணம் போட்டிருந்தால் 19 வெற்றியும் சேர்ந்து 57, ஒரே ஒரு விற்காத பங்கு 70-ஐத் தின்றுவிடும். அதனால் எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்பதை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஜெயித்தபோது எவ்வளவு, தோற்றபோது எவ்வளவு, ஒவ்வொன்றிலும் மொத்தப் பணத்தில் எத்தனை சதவீதத்தைப் போடச் சொன்னீர்கள், இந்த மூன்றும் வேண்டும். ஒரு ஆப்ஷனில் (ஒரு பங்கைக் குறித்த விலைக்குக் குறித்த நாளுக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) 300 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அதே மெயிலின் அடியில், ஒரு ஆப்ஷனில் முதலீட்டின் 1 சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள் என்ற நல்ல அறிவுரையும் இருக்கிறது. சரி, அதன்படி நடந்தவருக்கு மொத்தப் பணத்தில் கிடைத்தது 3 சதவீதம்தான். அந்த மூன்று ஏன் தலைப்பில் வருவதில்லை?

அப்புறம் ஆண்டுக் கணக்காக்கும் வித்தை. ஒரே வாரத்தில் 4 சதவீதம் கிடைத்தது என்றால், அதையே 52 வாரமும் கிடைத்ததாக வைத்துக் கூட்டு வட்டியில் பெருக்கினால் வருடத்துக்கு 669 சதவீதம் வந்துவிடுகிறது. வாரம் ஒன்று, விளம்பரத்தில் வருடம் முழுக்க. இதைவிடக் கண்ணில் படாத ஒன்று சராசரி. முதல் வருடம் 100 சதவீதம் ஏற்றம், அடுத்த வருடம் 50 சதவீத இறக்கம். சராசரி எடுத்தால் வருடத்துக்கு 25 சதவீதம், கேட்க அருமையாக இருக்கும். கையில் இருப்பது போட்ட முதல் மட்டும். 100 போட்டது 200 ஆகி மறுபடி 100 ஆகிவிட்டது.

வேண்டுமென்றே செய்யாமலும் இப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு முதலீட்டுக் குழு, 1984 முதல் 1993 வரை வருடத்துக்கு 23.4 சதவீதம் சம்பாதித்ததாகச் சொல்லி ஊர் உலகமெல்லாம் புகழ்பெற்றது. 1998-ல் கணக்கைத் தணிக்கை செய்து பார்த்தபோது உண்மையான எண் 9.1 சதவீதம் என்று தெரிந்தது. உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டிய பணமும் லாபத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது. அதே காலத்தில், அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு கொடுத்தது 14.9 சதவீதம். அந்தப் பெண்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, தவறை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். ஆனால் அத்தனை வருடம் யாரும் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. நல்ல மனதோடு போட்ட கணக்கே இவ்வளவு தூரம் தவறிப்போகும் என்றால், வெளியாள் ஒருவர் சரிபார்க்காத எந்த எண்ணையும் நான் ஏன் நம்ப வேண்டும்?

இப்போது அந்த 2,300 சதவீதத்துக்கு வருகிறேன். 14 மாதத்தில் பணம் 24 மடங்கு. ஒரு பங்கில் ஒருதடவை இது நடக்கலாம், நடந்தும் இருக்கிறது. ஆனால் உங்கள் விளம்பரம் இதை ஒரு "முறை" என்கிறது, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒன்று என்கிறது. திரும்பச் செய்து பார்ப்போம். ஐந்து சுற்று, ஆறு வருடம்கூட ஆகாது. 100 போட்டவர் கையில் 79 கோடியே 62 லட்சம் இருக்கும். மாதம் 10 சதவீதம் என்று அடக்கமாகச் சொல்கிறவர்களும் உண்டு. பத்து வருடத்தில் அது ஏறக்குறைய 92,700 மடங்கு. எந்த லாப எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்: அதைப் பத்து வருடத்துக்கு ஓட்டிப் பார்ப்பேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்கு 1965 முதல் 2023 வரை வருடத்துக்குச் சராசரியாக 19.8 சதவீதம் கூட்டு வளர்ச்சி கண்டது. அந்த எண்தான் அவரை உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக்கியது. அதைவிடப் பல மடங்கு செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜிம் சைமன்ஸ் தொடங்கிய ரெனைசன்ஸ் நிறுவனத்தின் மெடாலியன் ஃபண்ட், முப்பது வருடம் போலக் கட்டணம் கழிப்பதற்கு முன் வருடத்துக்குச் சராசரியாக 66 சதவீதம் எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1993-லேயே புது வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஏற்கெனவே உள்ளே இருந்த வெளியாட்களின் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்கள் ஊழியர் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அளவு பெருகினால் அந்த லாபம் கரைந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய லாபத்தை நள்ளிரவுக்குள் பாதி விலைக்குத் தருகிறோம் என்று நீங்கள் சொல்லும்போது, அதை ஏன் நீங்களே வைத்துக்கொள்ளாமல் வெளியாட்களுக்கு விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். இதுவரை எந்த விளம்பரத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை.

உங்கள் தொழிலைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 90 வருடத்துக்கு முன்பே இருந்தார்கள். ஆல்ஃபிரட் கோல்ஸ் என்ற அமெரிக்கர் பல முதலீட்டு மடல்களுக்குச் சந்தா கட்டியிருந்தவர். 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழப்போவதை அவர்கள் யாரும் சரியாகச் சொல்லவில்லையே என்று யோசித்து, தரவு சேர்க்கத் தொடங்கினார். 16 ஆலோசனைச் சேவைகள் 1928 முதல் 1932 நடுப்பகுதி வரை கொடுத்த சுமார் 7,500 பங்குப் பரிந்துரைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு 1933-ல் வெளியிட்டார். சராசரியாகச் சந்தையைவிட வருடத்துக்கு 1.43 சதவீதம் குறைவு. எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி வேறு. சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, அதில் வந்தபடி கற்பனைப் பரிந்துரைகள் உருவாக்கிப் பார்த்தார். குலுக்கலில் நன்றாக வந்தவையும் நிஜ நிபுணர்களில் முதலிடத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருந்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பேர் நாணயத்தைச் சுண்டிப் பங்கு சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயித்தவர்கள் 31 பேர் இருப்பார்கள், திறமை என்று ஒரு துளி இல்லாமலே. அந்த 31 பேரும் விளம்பரம் கொடுப்பார்கள், மீதி 969 பேர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். உங்களில் சில நிறுவனங்கள் ஒரே கூரைக்குக் கீழே ஏழெட்டு நியூஸ்லெட்டர்கள் நடத்துகின்றன. ஒன்று நன்றாகப் போனால் அதற்கு விளம்பரம், மோசமாகப் போனது சத்தமில்லாமல் நின்றுவிடும், அதன் சந்தாதாரர்களுக்கு "மேம்பட்ட" இன்னொன்றுக்கு மாற்றிவிட்டோம் என்று ஒரு மெயில். எனக்கே வந்திருக்கிறது. நின்றுபோன அந்த மடலின் கணக்கு எங்கே போனது?

கோல்ஸுக்குப் பிறகு 1980-ல் மார்க் ஹல்பர்ட் என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். சாதாரணச் சந்தாதாரரைப் போல மடல்களை வாங்கி, அதில் சொன்னதை அப்படியே செய்தால் என்ன கிடைக்கும் என்று தரகுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வெளியிட்டார். அந்த வெளியீடு 2016 வரை வந்தது. நீண்ட காலத்தில் பெரும்பான்மையான மடல்கள் சந்தையை மிஞ்சவில்லை என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கண்டது. அவர் சேர்த்த தரவை வைத்துப் பேராசிரியர்கள் ஜான் கிரஹாமும் கேம்ப்பெல் ஹார்வியும் 1980 முதல் 1992 வரை 237 மடல்களை ஆராய்ந்தார்கள். எப்போது பங்குக்குள் போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்று சொன்ன மடல்களில், அதே அளவு ரிஸ்க்கோடு சும்மா வாங்கி வைத்திருப்பதை மிஞ்சியவை மிகச் சில. 1999-ல் ஆண்ட்ரூ மெட்ரிக் 153 மடல்களின் பங்குத் தேர்வைப் பார்த்தார். குறிப்பிடும்படியான திறமை இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு பெரிய கணிப்பை வைத்து வருடக்கணக்கில் பேர் வாங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். 1981 ஜனவரியில் ஜோசப் கிரான்வில் தன் சந்தாதாரர்களுக்கு எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார், மறுநாள் நியூயார்க் சந்தையே ஆடிப்போனது. அவ்வளவு செல்வாக்கு. 1982 ஆகஸ்டில் பெரிய ஏற்றம் தொடங்கியபோது அவர் இறக்கத்தின் பக்கமே நின்றார். முதல் கணிப்பைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இரண்டாவதில்தான் பணத்தை இழந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இது எண்ணைவிட முக்கியம். பரிந்துரைக்கிற பங்கு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறதா? 1960-ல் கேபிடல் கெயின்ஸ் ரிசர்ச் பீரோ என்ற நிறுவனம், ஆறு முறை, ஒரு பங்கைத் தான் முதலில் வாங்கிவிட்டு, பிறகு மடலில் நீண்ட கால முதலீட்டுக்கு நல்லது என்று எழுதி, விலை ஏறியதும் சில நாளிலேயே விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிச் செய்வதைச் சந்தாதாரரிடம் மறைக்கக்கூடாது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. நான் மேலே சொன்ன 48 என்ற விலையை நினைத்துப் பாருங்கள்: எல்லாரும் ஓடி வாங்கும்போது ஏறுகிற அந்த விலையில், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர் ஒருவர்தான் நிம்மதியாக விற்க முடியும். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

1985-ல் அதே நீதிமன்றம் லோ என்பவர் வழக்கில் உங்களுக்கு ஒரு பெரிய சுதந்திரத்தைக் கொடுத்தது. தனிப்பட்ட ஆலோசனை சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாக, முறையாக வெளிவருகிற முதலீட்டு மடலை நடத்த அங்கே ஆலோசகராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன். எழுதுகிறவன் வாயை யாரும் அடைக்கக்கூடாது. ஆனால் பத்திரிகைக்காரருக்கு உள்ள சுதந்திரத்தை வாங்கிக்கொண்டால் பத்திரிகைக்காரருக்கு உள்ள கடமையும் கூட வரும், தவறிப்போனதையும் அச்சிட வேண்டும்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை ஒரே மடலின் பேச்சைக் கேட்டுப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பேராசைக்காரர் இல்லை. கணக்கு தெரியாதவரும் இல்லை. தன் வாழ்நாள் முழுக்க அச்சில் வந்த எண்ணை நம்பிப் பழகியவர். உங்கள் விளம்பரத்தைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரைப் போன்றவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு கோப்பு. முதல் நாளிலிருந்து கொடுத்த எல்லாப் பரிந்துரைகளும் அதில் இருக்கட்டும், நின்றுபோன மடல்களில் கொடுத்தவையும் சேர்த்து. மெயில் போன தேதி, மணி, நிமிடம். வாங்கிய விலையாக அடுத்த நாள் முடிவு விலையைப் போடுங்கள், விற்றதற்கும் அப்படியே. மொத்தப் பணத்தில் எத்தனை சதவீதம் போடச் சொன்னீர்கள் என்று ஒரு நெடுவரிசை. பகுதி பகுதியாக விற்றதைத் தனி வெற்றியாக எண்ணாமல் ஒரே வரியில் கொண்டுவாருங்கள். விற்காதவற்றுக்கு இன்றைய விலை. பழைய தரவில் ஒரு முறையை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் வந்ததும் நிஜமாகச் சொன்னதும் ஒரே பட்டியலில் கலக்க வேண்டாம், போன வருடத் தரவைப் பார்த்துவிட்டுப் போன வருடத்தில் ஜெயிப்பது யாராலும் முடியும். பக்கத்தில், கம்பெனிகள் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டின் பலன். சந்தாவையும் கழித்துக் காட்டுங்கள்: 10,000 முதலீடு செய்கிறவருக்கு 500 சந்தா என்றால் தொடக்கத்திலேயே 5 சதவீதம் பின்னால் நிற்கிறார். கடைசியில், அந்தப் பங்கு உங்களிடம் இருந்ததா, எப்போது வாங்கினீர்கள், எப்போது விற்றீர்கள்.

கோப்பைத் தயாரிக்க உங்களுக்கு ஒரு வாரம் போதும், தரவெல்லாம் உங்களிடமே இருக்கிறது. என்னிடம் அந்த 57 வரி நோட்டு இருக்கிறது, இப்போது சந்தா கட்டிவரும் மற்ற இரண்டு மடல்களுக்கும் இதே போல நோட்டு போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டலும் வந்துவிட்டது. உங்கள் கோப்பு அதற்குள் வந்தால் என் நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தவறு என் பக்கம் இருந்தால் இதே போல எல்லாரும் படிக்க எழுதித் திருத்திக்கொள்கிறேன், சந்தாவையும் அன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
காசு கொடுத்துப் படிக்கிற ஒரு சந்தாதாரர்